எத்தனை பேர் பார்க்க வேண்டும்?

எங்கள் பக்கத்தில் ஒரு காதல் திருமணத்தைப் பற்றிச் சொல்ல இரண்டு வாக்கியங்கள்தான் உண்டு. "அவ ஓடிட்டா" என்பது ஒன்று, "அவன் இழுத்துட்டு ஓடிட்டான்" என்பது இன்னொன்று. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, முடிவெடுத்து, பேருந்து ஏறிப் போனார்கள் என்று சொல்வதற்குத் தெருவில் வாக்கியமே கிடையாது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என எங்கே வளர்ந்திருந்தாலும் அந்தச் சொல் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

அதனால்தான் என் தோழி ஒருத்தி, பட்டரவாக்கம் ஸ்டேஷன் வாசலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "நாங்க எலோப் பண்ணப் போறோம் டீ" என்று சிரித்தபடி சொன்னபோது எனக்குச் சட்டென்று ஒட்டவில்லை. ஓடுகிறவள் இவ்வளவு நிதானமாக டீ குடிப்பாளா?

அவளிடம் எக்ஸெல் ஷீட்டே இருந்தது. ஏற்காட்டில் ஒரு தனியார் எஸ்டேட்டின் சரிவு. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம் என்பதால் எஸ்டேட். காலை ஆறு மணி வெளிச்சம். இரண்டு மாலை, ஒரு தாலி, நண்பர்கள் நாலு பேர், ஒரு போட்டோகிராபர். மழை வந்தால் மாற்று நாள். இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு வாந்தி மாத்திரைகூட ஒரு வரிசையில் இருந்தது. அம்மா, அப்பா என்ற வரிசை மட்டும் இல்லை. நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

இதில் கவனிக்க வேண்டியது, இரண்டு வீட்டிலும் இப்போது எதிர்ப்பு இல்லை. சாதி வேறுதான். ஆறு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு இறங்கி வந்துவிட்டார்கள். பிறகு ஏன்? "ஆயிரம் பேர் முன்னாடி பொம்மை மாதிரி நிக்க முடியாது. அதுல எனக்கு நிஜமாவே தெரிஞ்சவங்க முப்பது பேர்கூட இருக்க மாட்டாங்க." நியாயமான பதில்தான். நானும் அந்த மேடைகளுக்கு வரிசையில் நின்று ஏறி, போட்டோவுக்குப் பல்லைக் காட்டி, பெண்ணின் பெயர்கூடத் தெரியாமல் சாப்பிடப் போயிருக்கிறேன்.

ஆனால் கேள்வி அங்கே முடியவில்லை. ஒரு கல்யாணத்தை எத்தனை பேர் பார்க்க வேண்டும்? பார்க்கும் உரிமை என்று யாருக்காவது ஒன்று இருக்கிறதா?

சட்டம் இந்தக் கேள்வியோடு நம் மாநிலத்தில் நீண்ட நாள் மல்லுக்கட்டியிருக்கிறது. சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் கடைசியிலிருந்து நடந்துவந்தன. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. ஆனால் கூட்டம் இருந்தது. சொல்லப்போனால் கூட்டம்தான் எல்லாமே. மைக், மேடை, தலைவர்களின் பேச்சு என்று பல கல்யாணங்கள் பொதுக்கூட்டமாகவே நடந்தன. அக்னிக்குப் பதில் ஊர் சாட்சி. அப்படியும் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அவ்வகைத் திருமணம் செல்லாது என்றது. அண்ணா முதல்வரானதும் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகப் புரிகிற மொழியில் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் போதும், மோதிரம் போட்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும்.

"வேறு யாராவது" என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. வழக்கறிஞர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் திருமணம் செல்லாது என்று 2014-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. கல்யாணம் என்றால் ஊரறிய நடக்க வேண்டும் என்பது அதன் வாதம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் அதை மாற்றியது. குடும்ப எதிர்ப்போ உயிர்ப் பயமோ உள்ளவர்களை ஊரறிய அறிவி என்று கட்டாயப்படுத்துவது அவர்களை ஆபத்தில் தள்ளுவதாகும் என்றது. முதலில் புரோகிதர் போனார், பிறகு கூட்டமும் போனது.

கூட்டம் போனதற்கான காரணத்தை நாம் மறக்கக் கூடாது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கரை வெட்டிக் கொன்றது பட்டப்பகலில், பேருந்து நிலையத்தின் அருகே. கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். சுற்றி ஆட்கள் நின்றார்கள். கேமராவும் பதிவு செய்தது. சாட்சிக்குக் குறைவே இல்லை.

அந்தத் தம்பதிகளுக்கு ரகசியம் என்பது உயிர்க்கவசம். என் தோழிக்கு அது ஒரு அழகியல் தேர்வு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடும்போது எனக்கு நெருடுகிறது. ஓடுவதற்கு யாராவது துரத்த வேண்டும். அவளை யாரும் துரத்தவில்லை, சந்தோஷம். ஆனால் துரத்தாதவர்களிடமிருந்து ஒளிவது வேறு காரியம். அதற்கு வேறு கணக்குச் சொல்ல வேண்டும்.

நம்முடைய பழைய நூல்கள் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கின்றன என்று தோன்றுகிறது. பெண்ணைக் கொடுப்பதற்குரியவர்கள் கொடுக்காவிட்டாலும், சேர்ந்து போய்விட்டவர்களுக்கு மணச்சடங்கு உண்டு என்கிறது தொல்காப்பியம். அதாவது கொடுப்பவர் இல்லாமலும் கல்யாணம் கல்யாணம்தான். கொடுப்பது வேறு, பார்ப்பது வேறு. நம் ஊரின் பிரச்சினை, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கொடுப்பவர்களாகிவிட்டது. பந்தியில் உட்காரப்போகும் பெரியப்பாவுக்கு மாப்பிள்ளையைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

ஆவடியில் திருத்தணி மின்சார ரயிலில் ஏறினால், தமிழர்களின் மிகப் பெரிய மலைக் காதல் கதை முடிகிற இடத்துக்கே போகலாம். கந்தபுராணத்தில் முருகன் வள்ளியைத் தோழியின் உதவியோடு இரவில் கூட்டிக்கொண்டு போகிறான். நம்பிராசன் வேடர்களோடு துரத்தி வந்து மாள்கிறான். அங்கேயே கதையை முடித்திருக்கலாம், கடவுளை யார் கேட்பது? ஆனால் நாரதர் வந்து சொல்ல, முருகன் சொல்லி வள்ளி அவர்களை உயிர்ப்பிக்கிறாள். திரும்ப ஊருக்குப் போய், அப்பன் கையால் கல்யாணம் நடந்த பிறகுதான் தணிகை மலை. இதைச் சமரசம் என்று சிலர் சொல்வார்கள். இறந்த அப்பனை எழுப்பியாவது "கொடுக்க" வைக்கிற புராணம் என்று எனக்கும் ஒரு பக்கம் எரிச்சல்தான். ஆனால் செத்துக் கிடப்பவனைத் தாண்டி அவள் தணிகைக்குப் போயிருந்தால், அந்த மலையில் அவள் யாருடைய மகளாக இருந்திருப்பாள் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

தோழியின் அம்மாவிடம் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. நீள நோட்டு, ரப்பர் பேண்ட் போட்டது. பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லி வரை எந்த மண்டபத்தில் யாருக்கு எவ்வளவு என்று இருபத்தைந்து வருடக் கணக்கு. "அது வெறும் பிசினஸ் டீ" என்கிறாள் தோழி. பாதி உண்மை. அந்தப் பாதியை ஒரு ரிசப்ஷன் வைத்து அடைத்துவிடலாம், அதற்கு அவளும் சரி என்றுவிட்டாள். மீதிப் பாதி நோட்டில் இல்லை. அந்த அம்மா இத்தனை வருடமும் மற்றவர்கள் வீட்டுப் பெண்கள் கழுத்தில் தாலி ஏறுகிற அந்த ஒரு நிமிஷத்துக்கு, பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து எக்கிப் பார்த்திருக்கிறார். அதை ரிசப்ஷனில் திருப்பித் தர முடியாது.

"வீடியோ பார்க்கட்டுமே, அதுக்குத்தானே போட்டோகிராபர்" என்றாள். இங்கேதான் நான் பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்க வேண்டாம் என்றால் கேமரா எதற்கு? அந்தப் படங்கள் இன்ஸ்டாவில் போகும், அவளைத் தெரியாத சில ஆயிரம் பேர் இதயம் போடுவார்கள். மண்டபத்தைப் பற்றி அவள் சொன்ன குறை இதுதானே, தெரியாதவர்கள் கூட்டம் என்று. கூட்டத்தை அவள் தவிர்க்கவில்லை, மாற்றியிருக்கிறாள். விட்டுப்போனது தெரிந்தவர்கள் மட்டும்தான். கோபித்துக்கொண்டாள். "அம்மாவைக் கூப்பிட்டா சித்தி வருவாங்க, சித்தி வந்தா ஊரே வரும்." அதுவும் உண்மை. அந்த அம்மாவால் தனியாக வர முடியாது, வர விடமாட்டார்கள். ஒரு தாயை மட்டும் அழைக்க வழியில்லாதபடிதான் நம் உறவுகளைப் பின்னி வைத்திருக்கிறோம்.

நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன். அவள் கல்யாணம், அவள் மலை. அம்மாவுக்கு அதில் வீட்டோ கிடையாது, எந்த அம்மாவுக்கும் கிடையாது. ஆனால் தேதியை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடு என்றேன். தடுக்க முடியாதவருக்குத் தெரிந்தால் என்ன நஷ்டம்? அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஐங்குறுநூற்றில் பாலை பாடிய ஓதலாந்தையார், உடன்போனவர்கள் திரும்பி வருவதற்கென்றே பத்துப் பாட்டு வைத்திருக்கிறார். அதில் ஒரு தாய் பேசுகிறாள். மகள் போய்விட்டாள், காதலன் தன் வீட்டில் சிலம்பு கழிக்கும் சடங்கை நடத்தப் போகிறான் என்று தெரிகிறது. அவள் சாபம் விடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தச் சடங்கு உங்கள் வீட்டிலேயே நடக்கட்டும், கல்யாணத்தை மட்டும் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமே, அந்தப் பொய்க்காரப் பயலைப் பெற்றவளிடம் யாராவது இதைப் போய்ச் சொன்னால் என்ன என்று கேட்கிறாள்.