தீர்ப்புச் சொன்ன வாயும் சோறு கொண்டுபோன கையும்

இம்மாதம் என் சொந்தக் குறையை உங்களுக்கு முன்பாக அறிக்கைபண்ண ஆவியானவர் என்னை ஏவுகிறார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் கீழ்வேளூரில் காலை ஆராதனை நடந்துகொண்டிருந்தது. "கடல் ஊருக்குள்ள வந்துருச்சு!" என்று ஒரு தம்பி ஓடிவந்து சொன்னான். சாயங்காலத்துக்குள் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி என்று ஒவ்வொரு ஊராகத் துக்கச்செய்தி வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டுபோனார்கள். கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்தவர்களும் அதில் உண்டு.

அன்றிரவு ஜெபக்கூட்டத்தில் நான் என்ன பேசினேன் தெரியுமா? "இது விக்கிரக ஆராதனைக்கு வந்த நியாயத்தீர்ப்பு" என்றேன். சிலர் ஆமென் போட்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த வயதான சகோதரி ஒருவர் எழுந்தார். நடவு, களையெடுப்பு என்று கூலிவேலை செய்து பிழைத்தவர். "ஐயா, அவங்க பாவத்தை அப்புறம் பேசிக்கலாங்க. புள்ளைங்க ஈரத்துணியோட நிக்குதுங்களாம். எங்க வீட்டுல ஒரு மரக்கா அரிசி இருக்கு. உலை வைக்கட்டுங்களா?" என்றார். என் வாய் அடைத்துப்போயிற்று!

மறுநாள் விடியற்காலை புளிசாதப் பொட்டலங்களோடு நாகைக்குப் போனோம். நமக்கு முந்தி எத்தனையோ பேர் வந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாகூர் தர்காவில் எந்த ஜாதி, எந்த மதம் என்று கேளாமல் வந்தவர்களுக்குத் தங்க இடம் கொடுத்தார்கள். இறந்தவர்களை அடக்கம்பண்ணவும் இடம் கொடுத்தார்கள். நல்ல சமாரியனைக் குறித்து எத்தனை தரம் பிரசங்கித்திருக்கிறேன்! அன்று அந்தக் கதையில் விலகிப்போன ஆசாரியன் நான்தான் என்று கர்த்தர் எனக்குக் காண்பித்தார்.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமிலுள்ள மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா? இல்லை என்று ஆண்டவரே சொல்லிவிட்டார். மனந்திரும்பும்படி அவர் யாரை எச்சரித்தார்? கேட்டுக்கொண்டு நின்றவர்களை! கடலோரத்து ஜனங்களைக் குறைசொன்ன நான்தான் முதலாவது மனந்திரும்ப வேண்டியிருந்தது.

அப்படியானால் பாவத்தைக் கண்டிக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். கண்டிக்கத்தான் வேண்டும், என் கண்ணிலுள்ள உத்திரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நியாயாசனம் கர்த்தருடையது. அங்கே நமக்கு நாற்காலி போடப்படவில்லை. சீஷர்களின் கால்களைக் கழுவின பாத்திரத்தையும் துண்டையும்தான் (யோவான் 13) அவர் நம் கையில் கொடுத்துப் போனார்.

அந்தச் சகோதரி கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் சபையில் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. முதலில் அடுப்பைப் பற்றவைத்தோம். அது அவர் போட்ட விதை!

உங்கள் தெருவில் குடித்து விழுகிறவன் வீடு இருக்கிறதா? ஊரார் பேசாமல் ஒதுக்கிவைத்த குடும்பம் இருக்கிறதா? அவர்களைக் குறித்து இந்த வாரம் வாயைத் திறக்குமுன், அந்த வீட்டில் உலை கொதிக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, என் நாவைக் காத்துக்கொள்ளும். என் கையைத் திறந்துவிடும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், ஆமென். அல்லேலூயா!