பயிலுநர் வேதனமும் கலைக்கூடத்தின் வாயிலும்: ஓர் அறவியல் நோக்கு

கற்றலுக்கும் உழைத்தலுக்கும் இடையே கோடு கிழிப்பது எளிதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தமது கோடை விடுமுறையிற் பத்து வாரங்களை ஒரு கலை நூதனசாலையிற் கழிக்கிறார் எனக் கொள்ளலாம். சேமிப்பறையிலுள்ள ஓவியங்களுக்கு விவரச் சீட்டு எழுதுகிறார், பாடசாலைப் பிள்ளைகளைக் காட்சிக்கூடங்களுக்கு அழைத்துச் செல்கிறார், தொலைபேசிக்கு விடையளிக்கிறார், அழைப்பிதழ்களை உறையிலிடுகிறார். இடையிடையே, காப்பாளர் ஒருவர் பழைய ஓவியமொன்றின் வரலாற்றை விளக்கும்போது அருகே நின்று கேட்கிறார். இவற்றுள் எது கல்வி, எது வேலை? உறையிலிட்டதற்குக் கூலியும், கேட்டறிந்ததற்குக் கட்டணமும் எனத் தனித்தனியே கணக்கெழுத முயல்வோர் இறுதியில் எவர் எவருக்குக் கடன்பட்டவர் என்பதை அறியாது திகைப்பர்.

உள்ளகப் பயிற்சி எனப்படும் இவ்வேற்பாடு கலை, பண்பாட்டு நிறுவனங்களில் நெடுங்காலம் பெரும்பாலும் வேதனமின்றியே நடைபெற்றது. அதனை நியாயப்படுத்தியோர் கூறிய காரணம் சுருக்கமானது: கிடைக்கும் வாய்ப்பே ஊதியம். வணிக நிறுவனமொன்று இவ்வாறு கூறின் அது சுரண்டலென உடனே இனங்காணப்படும். கலைக்கூடமோ, நாடக அரங்கோ, இலக்கிய அமைப்போ கூறும்போது அதே கூற்று ஒருவகை மேன்மையைப் பெற்றுவிடுகிறது. இம்மேன்மை எங்கிருந்து வந்தது என்பதே முதலில் ஆராயப்படவேண்டியது.

கலை விலைக்கு அப்பாற்பட்டது என்னும் எண்ணம் மிகப் பழையது. அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலின் எட்டாம் பகுதியிற் கூலிக்குச் செய்யப்படும் தொழில்கள் மனத்தின் ஓய்வைப் பறித்து அதனைத் தாழ்த்துவன என்றார். இசையைச் சுதந்திர மனிதன் பயிலலாம், ஆயின் பிறர் மகிழ்வுக்காக அதனைத் தொழிலாக்குதல் தகாது என்பதும் அவர் கருத்து. இக்கருத்தில் உண்மை இல்லையெனக் கூறுவதற்கில்லை. கூலியை மட்டும் நோக்கிச் செய்யப்படும் வேலையில் மனம் ஒன்றாமற்போவதை எவரும் அறிவர். ஆயினும் அவர் போற்றிய ஓய்வு வானத்திலிருந்து இறங்கியதன்று. அது அடிமைகளின் உழைப்பின்மேல் எழுந்தது. அடிமை முறை மறைந்த பின்னரும் அவ்வோய்வைப் பற்றிய மதிப்பு மறையவில்லை. கலைக்கூடத்திற் சம்பளத்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமன்று என்னும் கூச்சத்தில் அதன் எச்சம் இன்றும் காணக்கிடக்கிறது. பொருள்களுக்கு விலை உண்டு, மனிதருக்கு மாண்பு உண்டு என வேறுபடுத்திய காண்டையும் சிலர் இக்கூச்சத்துக்குத் துணைக்கழைப்பர். அது பொருந்தாது. காண்ட் மாண்பைக் கண்டது மனிதரிடத்தே. மனிதரை வெறும் கருவியாக மட்டும் கையாளலாகாது என்னும் அவரது விதி, சுவரில் தொங்கும் ஓவியத்தினும் அதற்குச் சீட்டெழுதும் இளைஞருக்கே முதலிற் பொருந்தும்.

சட்டம் இப்பிரச்சினையை வேறொரு வழியால் அணுகிற்று. அமெரிக்காவின் 1938ஆம் ஆண்டு நியாய தொழில் நியமங்கள் சட்டம் குறைந்தபட்ச வேதனத்தை விதித்தது. புகையிரதத் தடுப்பாளர் வேலைக்கு ஏழெட்டு நாள் பயிற்சி பெற்றோர் ஊழியரா என்னும் வினா எழுந்தபோது, 1947இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அல்லர் எனத் தீர்ப்பளித்தது. ஒரு வாரப் பயிற்சிக்கு உரிய இத்தீர்ப்பின் நிழலிலே பின்னர் மாதக்கணக்கான பயிற்சிகள் வந்து ஒதுங்கின. 'பிளாக் சுவான்' திரைப்படத் தயாரிப்பில் ஊதியமின்றி வேலைசெய்தோர் தொடுத்த வழக்கில் 2013இல் அவர்கள் ஊழியரே எனக் கூறப்பட்டது. 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, இவ்வுறவினால் முதன்மையாகப் பயனடைபவர் எவர் என்பதையே உரைகல்லாக வகுத்தது. தொழில் திணைக்களமும் 2018இல் இதனையே ஏற்றுக்கொண்டது. எனினும் இலாப நோக்கற்ற அறக்கொடை அமைப்புகளில் ஊதியத்தை எதிர்பாராது விரும்பிப் பணிசெய்வோரைச் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. கலை நூதனசாலைகளும் சிறு அரங்குகளும் பெரும்பாலும் இவ்வகையினவே. ஆகவே சட்டம் விலகிக்கொண்ட இடத்தில் அறவியல் வினா தனித்து நிற்கிறது.

எவருக்குப் பயன் மிகுதி என்னும் உரைகல், அறையினுள் இருக்கும் இருவரை மட்டுமே நோக்குகிறது. ஒருவர் நிறுவனத்தார், மற்றவர் பயிலுநர். இருவரும் மனமொப்பியே அங்கு இருக்கின்றனர். பயிலுநர் பெற்ற அறிவு அவர் கொடுத்த உழைப்பினும் பெரிதாக இருத்தலுங்கூடும். ஆனால் அவ்வறைக்கு வரவே இயலாது போன மூன்றாமவர் ஒருவர் உளர். அவரைப் பற்றி இவ்வுரைகல் எதுவும் கூறாது. வாரத்துக்கு 40 மணி வீதம் பத்து வாரங்களுக்கு 400 மணி நேரமாகிறது. 2009இல் வகுக்கப்பட்ட கூட்டாட்சிக் குறைந்தபட்ச வேதனமான மணிக்கு 7.25 டொலர் என்னும் அளவிற் பார்ப்பினும், அக்கோடையில் உணவகமொன்றிற் கோப்பை கழுவினால் 2,900 டொலர் ஈட்டலாம். அத்தொகையைக் கொண்டே அடுத்த தவணைக்குரிய செலவை ஈடுசெய்யும் மாணவருக்கு ஊதியமற்ற பயிற்சி இலவசமானதன்று. அவர் 2,900 டொலரை இழப்பதோடு நகரில் தங்கும் செலவையும் ஏற்கவேண்டும். இச்செலவைத் தாங்கும் பெற்றோரை உடையவரே உள்ளே வருவர். மற்றவர் மறுக்கப்படுவதில்லை, அவர் விண்ணப்பிப்பதேயில்லை. விண்ணப்பியாதவருக்கு அநீதி இழைக்கப்பட்டதென எந்த நீதிமன்றத்தில் எவர் முறையிடுவது?

இவ்விடத்து வேதனம் என்பதற்கு வேறொரு பொருளும் உண்டென்பது மனங்கொள்ளத்தக்கது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்சில் பெரிக்கிளிஸ் நீதிமன்ற நடுவர்க்கு நாட்படி வழங்க ஏற்பாடு செய்தார். நடுவரின் தீர்ப்பு அக்காசுக்கு விற்கப்பட்ட பண்டமன்று. தன் தொழிலை ஒருநாள் விட்டுவரும் ஏழைக் குடிமகனும் நடுவர் இருக்கையில் அமர்வதற்கு அது வழிசெய்தது. அக்காலத்திலேயே எதிர்ப்பும் எழுந்தது. பெரிக்கிளிஸ் மக்களைச் சோம்பேறிகளாகவும் பேராசைக்காரராகவும் ஆக்கினார் என்னும் குற்றச்சாட்டைப் பிளேட்டோ தமது 'கோர்ஜியாஸ்' உரையாடலிற் பதிவுசெய்துள்ளார். பிரித்தானியப் பாராளுமன்றத்தின் வரலாறு இன்னும் தெளிவானது. உறுப்பினராவதற்குச் சொத்துடைமை வேண்டுமென்னும் விதி 1858இல் நீக்கப்பட்டது. ஆயினும் உறுப்பினர்க்குச் சம்பளம் இல்லாதிருந்தமையால், ஏட்டிலிருந்து அழிக்கப்பட்ட அவ்விதி நடைமுறையில் மேலும் அரை நூற்றாண்டு உயிர்வாழ்ந்தது. உறுப்பினர்க்கு ஊதியம் வேண்டும் எனச் சாசன இயக்கத்தினர் 1838இலேயே கோரியிருந்தனர். 1911இல் ஆண்டுக்கு 400 பவுண் வழங்கப்பட்டபோது, நிதியமைச்சர் லோயிட் ஜோர்ஜ் அதனைச் செய்த பணிக்குரிய கைம்மாறு எனக் கூறவில்லை. பொதுப்பணியின் கதவைத் திறக்கும் உதவுதொகை என்றே வாதிட்டார்.

பயிலுநர் வேதனமும் இவ்வகையைச் சார்ந்ததே. செய்த வேலை எவ்வளவு பெறும் என்னும் கேள்வியால் அது நியாயம் பெறுவதன்று. எழுதப்படாத சொத்துத் தகைமையொன்றை நீக்குவதாலேயே அது நியாயம் பெறுகிறது.

நூதனசாலையைப் பாராளுமன்றத்தோடு ஒப்பிடுவது மிகையெனச் சிலர் கருதலாம். காப்பாளர் செய்யும் வேலையை எண்ணின் மிகையன்று என்பது புலனாகும். எப்பொருள் வாங்கப்படும், எது சுவரில் தொங்கும், எது சேமிப்பறையிற் கிடக்கும், அதன் கீழ் எழுதப்படும் இரு வரிகள் எவருடைய பார்வையிலிருந்து எழுதப்படும் என்பவற்றை அவரே தீர்மானிக்கிறார். ஒரு சமூகம் தன்னைப் பற்றி எதனை நினைவில் வைத்திருக்கும் என்பது பெருமளவு இத்தகையோர் கையில் உள்ளது. மெலன் நிதியம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்கக் கலை நூதனசாலைகளிற் காப்பாளர், பேணுநர், கல்விப் பணியாளர், தலைமைப் பொறுப்பாளர் ஆகியோருள் 84 வீதத்தினர் ஹிஸ்பானியரல்லாத வெள்ளையர். கறுப்பினத்தவர் 4 வீதத்தினர் மட்டுமே. காவற் பணியிலும் கட்டடப் பராமரிப்பிலும் நிலைமை இவ்வாறிருக்கவில்லை. வெள்ளையரல்லாதோர் கட்டடத்தினுள் இருந்தனர். தீர்மானிக்கும் அறையில்தான் இல்லை.

இவ்வுண்மை அனல் வடிவில் வெளிப்பட்ட இடம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம். ரொட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைத் தாக்கிய பொலிசார் 1992 ஏப்ரில் 29இல் விடுவிக்கப்பட்டதும் எழுந்த கலவரத்தில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரின் கலை நிறுவனங்கள் அந்நகர மக்களைப் பிரதிபலிக்கின்றனவா என்னும் கேள்வி அதன்பின் தவிர்க்கமுடியாததாயிற்று. மறு ஆண்டு, 1993இல், கெற்றி நிதியம் நூதனசாலைத் துறையில் அருகிக் காணப்பட்ட இனக்குழுக்களைச் சேர்ந்த பட்டப்படிப்பு மாணவர்க்கென வேதனத்துடன் கூடிய கோடைப் பயிற்சியை ஆரம்பித்தது. 2000ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி நிர்வாகம் நாடகம், இசை, நடனம், இலக்கியம் முதலிய துறைகளின் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென இதற்கிணையான திட்டமொன்றைத் தொடங்கியது. இரண்டிலும் சிறிய அமைப்புகளின் சுமை பெரிதும் குறைந்தது. பயிலுநரின் வேதனத்துக்கான பணம் வெளியிலிருந்து வந்தது. இது முக்கியமானது. ஏனெனில் மூன்று பேர் மட்டும் வேலைசெய்யும் நாடகக் குழுவிடம் வேதனம் கொடு அல்லது பயிலுநரை ஏற்காதே எனக் கூறின் அது இரண்டாவதையே தெரிந்தெடுக்கும். ஊதியமற்ற பத்து இடங்கள் ஊதியமுள்ள இரண்டாகக் குறையும் என்னும் ஆட்சேபம் வெறும் சாக்குப்போக்கன்று.

இரு திட்டங்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கெற்றி திட்டம் தொடக்கத்தில் இன அடிப்படையில் தெரிவுசெய்தது. கவுன்டித் திட்டமோ அங்கு வாழும் அல்லது கற்கும் எந்த மாணவரும் விண்ணப்பிக்கத் திறந்திருந்தது. அரசாங்க நிறுவனங்கள் இன அடிப்படையில் முன்னுரிமை வழங்குவதைக் கலிபோர்னியா மக்கள் 1996இல் வாக்களித்துத் தடைசெய்திருந்தனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. எவ்வழி நீதியானது என்பதில் விவாதம் முடிந்தபாடில்லை. வேதனம் மட்டுமே வாயிலைப் போதியளவு திறந்துவிடும் என நம்புவது சற்று வெகுளித்தனமானது. அத்தகைய பயிற்சி ஒன்று உண்டென்னும் செய்தியே சில வீடுகளைச் சென்றடைவதில்லை. வேலைசெய்துகொண்டே கற்போர் நிறைந்த ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளின் மாணவர்க்கெனக் கவுன்டித் திட்டம் பின்னர்ச் சில இடங்களை ஒதுக்கியது. இனத்தைப் பெயர்சொல்லிக் குறிக்காமலே பொருளாதாரத் தடையை நேரடியாகத் தொடும் இம்முறை வரவேற்கத்தக்கது.

கற்பவர் குருவுக்குப் பணிவிடை செய்வதன்றிக் குருவிடம் கூலி கேட்பது முறையாகுமா என்பதும் ஓர் ஆட்சேபம். குருகுலவாசத்தை அறிந்த தமிழ் மனத்துக்கு இது இயல்பாகவே தோன்றும். ஆயின் குருகுலத்தில் மாணவன் உண்டான், உறங்கினான். ஐரோப்பியக் கைவினைக் குழுக்களிலும் பயிலுநருக்கு உணவும் உறையுளும் அளிப்பது ஆசானின் கடமையாகவே இருந்தது. பணிவிடையை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றை விட்டுவிடுவது மரபைப் பேணுவதாகாது. குருகுலத்தின் வாயிலும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பது வேறு.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் அறவியலுக்குப் புறம்பானதன்று. நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலை 2020இல் 50 இலட்சம் டொலர் நன்கொடையொன்றைப் பெற்றே தனது பயிலுநர் அனைவருக்கும் ஊதியம் வழங்க முன்வந்தது. திட்டமும் கொடையாளரின் பெயரைப் பெற்றது. கொடை பாராட்டுக்குரியதே. எனினும் கொடையாகக் கொடுக்கப்படும் வேதனத்தில் ஒரு நெருடல் உண்டு. கொடுப்பவர் நிறுத்திவிடலாம், பெறுபவர் நன்றியுடையவராக இருக்கவேண்டும். கலை நூதனசாலைப் பணிப்பாளர் சங்கம் 2019இல் ஊதியமுள்ள பயிற்சியை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியபோதும், அது வேண்டுகோளாகவே நின்றது. கவுன்டியின் வரிப்பணத்திலிருந்து வரும் வேதனம் இவ்வகையில் வேறானது. அம்மாணவரின் தாய் கடையிற் செலுத்திய விற்பனை வரியிலும் அதன் ஒரு துளி உண்டு. அதனைப் பெறுபவர் எவருக்கும் தலைதாழ்த்த வேண்டியதில்லை.

பத்து வாரங்களின் பின் நிகழ்வதே கடினமான பகுதி. 2019இல் நூதனசாலைப் பணியாளர்கள் தமது சம்பளங்களைத் தாமே ஒரு பொதுப்பட்டியலில் எழுதி வெளிப்படுத்தினர். உயர்பட்டம் பெற்றும் வாழ்க்கைச் செலவுக்குப் போதாத சம்பளம் பெறுவோர் பலர் என்பதை அது உலகறியச் செய்தது. வாயிலைத் திறந்து உள்ளே அழைத்தபின், உள்ளே நிலைத்திருக்கச் சொத்து வேண்டுமாயின் பழைய தகைமை ஓரடி தள்ளி மீண்டும் நிற்கிறது. இக்குறையைக் காட்டிப் பயிலுநர் வேதனத்தையே வீணென்போர் உளர். இரண்டாம் கதவு பூட்டியிருப்பது முதற் கதவையும் பூட்டுவதற்குக் காரணமாகாது. ஆயினும் முதற் கதவைத் திறந்தோம் என்னும் திருப்தியில் இரண்டாவதை மறந்துவிடும் நிறுவனங்களே மிகுதி.

வேதனம் கொடுப்பதனால் எழும் புதிய இடரையும் இங்கு சுட்டுதல் தகும். ஊதியமின்றி வந்தவருக்குக் கற்பிக்கவேண்டும் என்னும் கூச்சமாவது நிறுவனத்தாருக்கு இருந்தது. காசு கொடுத்தபின் பத்து வாரமும் உறையிலிடச் சொல்லலாம் என்னும் எண்ணம் எளிதில் தோன்றும். வேதனம் வாயிலுக்கு உரியது. கற்பித்தற் கடனைத் தீர்ப்பதற்கு உரியதன்று. சேமிப்பறையில் ஓவியத்தின் முன் நின்று பேசும் அக்காப்பாளர், அருகில் நிற்கும் மாணவர் சம்பளம் பெறுபவர் என்பதற்காகத் தமது விளக்கத்தைச் சுருக்கிக்கொள்ள நியாயமில்லை.