அழகும் உழைப்பும்

பிறர் படும் பாட்டில் நாம் அழகு காண்பது அறமாகுமா?

நெதர்லாந்து நாட்டு ஓவியர் வின்சென்ட் வான் கோ, 1881ஆம் ஆண்டில் எட்டன் என்னும் சிற்றூரில் தம் பெற்றோருடன் தங்கி, பென்சில் கொண்டு வரைந்து பழகினார். அவ்வூர்ப் பண்ணை வீடுகளையும் வயல்களையும் வரைந்தார். தாழ்ந்த கூரையும் அருகே மரமும் கொண்ட பண்ணைச் சித்திரத்தைக் காண்போர், 'என்னே அமைதி!' என மகிழ்வர். அக்கூரையின்கீழ் வாழ்வோரின் களைப்பை எவரும் எண்ணார்.

வான் கோ அவ்வளவில் நிற்கவில்லை. மண்ணைக் கொத்துவோரையும் விதைப்போரையும் மீண்டும் மீண்டும் வரைந்தார். முதுகு வளைவதை உற்று நோக்காதவனுக்கு அதன் கோடு வசப்படாது. 1885இல் நியூனென் ஊரில் 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்தைத் தீட்டியபோது, உண்ணும் அக்கைகளே நிலத்தைத் தோண்டியவை என்பதை உணர்த்தவே விழைந்ததாகத் தம்பி தியோவுக்கு எழுதினார்.

ஓவியம் அவர்தம் வறுமையைப் போக்கிற்றா எனின், இல்லை. ஆயினும் கண்ணிற் படாத துன்பத்திற்கு எவர் இரங்குவர்? அழகைச் சுவைத்து உழைத்தவரை மறப்பதே குற்றம். அழகின் வழியே அவரைக் காண்பது அறத்தின் தொடக்கம். தொடக்கத்தையே முடிவெனக் கொண்டு கண்ணீரோடு நின்றுவிடுவது, நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.