காண்டீபம் நழுவிய வேளை

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் ஆலயத்தில் அருச்சனைத் தட்டுக்களின் தோற்றமே மாறிவிடும். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காயுடன் பரீட்சை அனுமதி அட்டையும் ஒரு பேனையும் சேர்ந்திருக்கும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி க.பொ.த. உயர்தரம் வரை இது அடியார்களுக்குப் பழகிப்போன காட்சி. குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். தாயார் முந்திக்கொண்டு சொல்வார். பரீட்சை எழுதவேண்டிய பிள்ளையோ பின்னால் தூணருகே கைகளைப் பிசைந்தபடி நிற்கும். அந்தப் பிள்ளையின் நெஞ்சில் என்ன ஓடுகிறது என்று கேட்பவர் மிகச் சிலரே.

அண்மைக் காலத்தில் இந்தத் தட்டுக்களில் இன்னுமொரு வகைப் பரீட்சையும் இடம்பிடித்துள்ளது. வர்த்தகத்துறையில் கற்றுப் பட்டம் பெற்று, வங்கியிலோ கம்பனியிலோ சில ஆண்டுகள் வேலை பார்த்த பின்னர், எம்.பி.ஏ. எனப்படும் வணிக நிருவாக முதுமாணிப் படிப்புக்கு வெளிநாடு செல்ல விரும்பும் பிள்ளைகள் எழுதும் ‘ஜீமற்’ என்னும் நுழைவுப் பரீட்சையே அது. 2024ஆம் ஆண்டிலிருந்து முழுமையாகப் புதிய வடிவில் நடைபெறும் இப்பரீட்சையில் மூன்று பகுதிகள், பகுதிக்கு 45 நிமிடம், மொத்தம் 64 வினாக்கள். புள்ளிகள் 205 இலிருந்து 805 வரை. வினாத்தாள் கிடையாது, எல்லாம் கணினித் திரையிலேயே.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. விடை சரியானால் கணினி அடுத்து வரும் வினாவைக் கடினமாக்கும், பிழைத்தால் இலகுவாக்கும். ஆகவே நன்றாகச் செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கே வினாக்கள் மேன்மேலும் கடினமாகத் தோன்றும். ‘ஐயோ, ஒன்றும் ஓடவில்லையே’ என்று அந்தப் பிள்ளை கலங்கும் நேரம், உண்மையில் அது படியேறிக்கொண்டிருக்கும் நேரமாகவும் இருக்கலாம். ஒரு வினாவில் உறைந்துபோய் நின்றால், கடைசியில் விடையளிக்காமல் விடுபடும் வினாக்களுக்காகப் புள்ளி குறையும். படிப்பு அரைப்பங்கு என்றால் மனத்திடம் மற்ற அரைப்பங்கு.

இவ்வூர்ப் பிள்ளை ஒருவருக்கு நடந்தது இதுதான். கணக்கில் கெட்டிக்காரர். வீட்டிலிருந்து செய்த மாதிரிப் பரீட்சைகளில் எல்லாம் நல்ல புள்ளி. உண்மையான பரீட்சையன்று பத்தாவது வினாவுக்குள் உள்ளங்கை வியர்த்து, வாய் உலர்ந்து, வாசித்த வரியையே நான்கு முறை வாசித்து, கடைசி ஐந்து வினாக்களைத் தொடாமலே எழுந்து வந்தார். வீட்டில் கிரகம் பார்த்தார்கள். நாவூறு கழித்தார்கள். கையில் நூல் கட்டினார்கள். இவை எதுவும் பிழையல்ல. பெற்ற மனம் வேறென்ன செய்யும்? ஆனால் இவ்வளவும் நடந்த போது அவரிடம், ‘அங்கே உனக்கு என்ன நடந்தது?’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

உள்ளங்கை வியர்த்தது, வாய் உலர்ந்தது என்பதைக் கேட்டதும் பகவத்கீதையின் முதலாம் அத்தியாயத்தை ஓதியவர்களுக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். குருசேத்திரத்தில் இரு சேனைகளுக்கும் நடுவே தேரில் நின்ற அருச்சுனனுக்கும் அவயவங்கள் சோர்ந்தன. வாய் வறண்டது. உடல் நடுங்கி மயிர்க்கூச்செறிந்தது. தோல் எரிந்தது, மனம் சுழன்றது, காண்டீபம் கையிலிருந்து நழுவியது. இவன் ஆயத்தமில்லாமல் வந்தவனா? வில்வித்தையில் அவனுக்கு நிகரில்லை. பாசுபதம் பெறத் தவமிருந்தவன். அப்படிப்பட்டவனுக்கே வில் நழுவியதென்றால், பரீட்சை மண்டபத்தில் நடுங்கும் பிள்ளையைப் படிக்காதது என்றும், பக்தி குறைந்தது என்றும் சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறுவயதில் துரோணாசாரியார் மரத்தில் ஒரு பறவையைச் செய்து வைத்துச் சோதித்தபோது, மற்றவர்களுக்கு மரமும் கிளையும் ஆசாரியாரும் சகோதரர்களும் தெரிந்தார்கள்; அருச்சுனனுக்குப் பறவையின் தலை மட்டுமே தெரிந்தது. அதே அருச்சுனன் குருசேத்திரத்தில் எதைக் கண்டான்? பாட்டனைக் கண்டான், ஆசாரியாரைக் கண்டான், மாமன்மாரையும் மைத்துனரையும் பிள்ளைகளையும் கண்டான். குறி மறைந்துவிட்டது, உறவுகள் மட்டுமே கண்ணில் நின்றார்கள். கணினித் திரையின் முன் உட்கார்ந்த அந்தப் பிள்ளைக்கும் இதுவே நேர்ந்தது. திரையில் இருந்தது ஒரு விகிதக் கணக்கு. அவர் கண்டதோ அடைவு வைத்த தாயாரின் சங்கிலியை, ‘எப்ப கனடா?’ என்று கேட்கும் மாமாவை, அயல்வீட்டுப் பிள்ளையின் பட்டமளிப்புப் படத்தை. விகிதக் கணக்கு யாரையும் நடுங்க வைக்காது. நடுங்க வைப்பது அதன் பின்னால் வரிசையாக நிற்பவர்களே.

அப்போது கண்ணபிரான் என்ன செய்தார் என்பதைப் பெற்றோர் பொறுமையாகப் படிக்க வேண்டும். அருச்சுனன் தன் நடுக்கத்தைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து முதலாம் அத்தியாயம் முடியும் வரை அவர் குறுக்கிடவேயில்லை. அவன் சொன்ன நியாயங்களில் கோணல்கள் இருந்தன. இருந்தும் முழுவதையும் சொல்லவிட்டார். அந்தப் புலம்பலுக்கும் பெரியோர் ‘விஷாத யோகம்’ என்றே பெயரிட்டனர். கலக்கமும் ஒரு யோகம், வாய்விட்டுச் சொல்லப்படுமானால்.

பின்னர் கண்ணபிரான் கடிந்துகொண்டதும் உண்மை. இந்தப் பலவீனம் உனக்கு ஏற்றதல்ல, எழுந்திரு என்றார். எங்கள் வீடுகளில் தினமும் கேட்கும் வார்த்தைதான் அது. ஆனால் அந்த அதட்டலால் அருச்சுனன் எழுந்தானா? எழவில்லை. சீடனாகச் சரணடைந்த பின்னரும் ‘போர் புரியேன்’ என்று சொல்லி மௌனமானான். அதற்குப் பிறகே, புன்னகை பூத்தவர் போல, உபதேசம் ஆரம்பமாகிறது. செயலிலே உனக்கு உரிமை, பலனில் இல்லை என்ற அருள்வாக்கு அந்தப் புன்னகைக்குப் பின் வந்தது. பிள்ளையை உட்கார வைத்து முதல் வசனமாகவே அதைச் சொல்லும் பெரியவர்கள், முன்னே இருந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடுகிறார்கள்.

இக்கால ஆராய்ச்சியும் இதை ஒட்டியே ஒன்று சொல்கிறது. 2011ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் ‘சயன்ஸ்’ என்ற இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பரீட்சைக்குச் சற்று முன்னர் தம் பயங்களைப் பத்து நிமிடம் எழுதித் தீர்த்த மாணவர், சும்மா இருந்தவர்களைவிட நன்றாகச் செய்தார்களாம். பரீட்சைப் பயம் மிகுந்தவர்களுக்கே இது கூடுதலாக உதவியதாம். கவலை மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் கணக்குக்கு இடமில்லாமற் போகிறது என்பது அவர்கள் விளக்கம். மூலஸ்தானத்தின் முன் நின்று மனத்தில் உள்ளதையெல்லாம் முணுமுணுத்துக் கொட்டிவிட்டு வரும் கிழவிகளுக்கு இது புதிய செய்தியல்ல.

கர்ணனை இங்கே இழுப்போரும் உண்டு. வேண்டிய வேளையில் மந்திரம் மறந்துபோனது பரசுராமர் சாபத்தால். பிள்ளைகளின் மறதிக்குச் சாபம் காரணமல்ல. அந்தக் கதையைச் சொல்லி அவர்களைப் பயமுறுத்தாதிருப்பது நல்லது. வாரக்கணக்கில் உறக்கமும் உணவும் கெடுமானால் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதில் வெட்கமில்லை.

சைவ அடியார்களுக்கு அருகில் உள்ள சான்று திருமறைக்காட்டில் நடந்தது. மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்றுத் திருஞானசம்பந்தப் பிள்ளையார் மதுரைக்கு வாதுக்குப் புறப்பட்டபோது, நாளும் கோளும் நன்றாக இல்லை என்று தடுத்தவர் அப்பர் சுவாமிகள். அவர் கோழையல்லர், சுண்ணாம்பு நீற்றறையிலும் கலங்காதவர். தனக்கென்று அஞ்சாதவர், பிள்ளைக்கென்று அஞ்சினார். அந்த அச்சத்துக்குப் பெயர் அன்பு. சம்பந்தர் கோளறு பதிகம் பாடினார். அதைக் கேட்டபின் அப்பர் பின்னும் மறித்து நிற்கவில்லை. அவர் அங்கேயே இருக்க, பிள்ளை போனார். அப்பரிடம் பெற்றோர் கற்கவேண்டியது அந்த வழிவிடுதலையே.

மேலே சொன்ன பிள்ளையின் வீட்டில் அந்த வேலையைச் செய்தவர் அவருடைய அம்மம்மா. ஒரு வெள்ளிக்கிழமை மாலை மடத்துத் திண்ணையில் அவர் சுவாமிக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தார். பேரன் பக்கத்தில் வந்து இருந்தார்.

“கேள்வி தெரியும் அம்மம்மா. வாசிக்கேக்கை எழுத்து ஓடுது.”

“ஓடினால்?”

“அம்மாவின்ரை முகம் வருகுது.”

அம்மம்மாவுக்கு ‘ஜீமற்’ என்றால் என்னவென்று தெரியாது. நித்தியகல்யாணியை நாரில் வைத்து முடிந்தபடி, “பிறகு?” என்று மட்டும் கேட்டார். மணி அடிக்கும் வரை அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று பேரன் சொல்லி முடித்தபோது மாலையும் இரண்டு முழம் நீண்டிருந்தது.

அடுத்த மாதங்களில் அவர் செய்தவை சாதாரணமானவை. பரீட்சை நடக்கும் அதே காலை நேரத்தில், கைத்தொலைபேசியை அம்மம்மாவிடம் கொடுத்துவிட்டு, 45 நிமிடம் எழும்பாமல் பயிற்சி செய்தார். ஒரு வினாவில் சிக்கினால் ஒரு விடையைத் தெரிந்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பழகினார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூன்று விடைகள் வரை மாற்றலாம் என்ற விதி இருப்பதை முதல்முறை பதற்றத்தில் அவர் மறந்தே போயிருந்தார். 16 நாட்கள் கழித்தால் மீண்டும் எழுதலாம், பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை எழுதலாம் என்பதைத் தாயாரிடம் தாமே சொன்னார். அதைக் கேட்ட பிறகு தாயார் அன்றிரவு நித்திரை கொண்டார்.

இரண்டாம் முறை கொழும்புக்குப் புறப்படுவதற்கு முன் மூவரும் ஆலயத்துக்கு வந்தனர். தட்டில் பேனை இல்லை, தேங்காயும் பழமும் மட்டுமே. குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். தாயார் வாய் திறக்க, அம்மம்மா மெதுவாக அவர் முழங்கையைப் பிடித்தார்.

பிள்ளை முன்னுக்கு வந்து தம் பெயரைத் தாமே சொன்னார்.