பதினாறாவது ஆண்டு

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டில் சித்திரை மாதம் நடந்தவர்களுக்குக் களிமண்ணைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மழைக்காலத்தில் செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாத அதே மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளை எழுதியவர்கள் இந்தப் பக்கம் வந்ததில்லை போலும். நிரம்பிய குப்பைக் கிடங்கை மூட 60 சென்டிமீட்டர் களிமண், அதன்மேல் 15 சென்டிமீட்டர் வடிகால் அடுக்கு, அதற்கும் மேல் செடிகள் வளர 45 சென்டிமீட்டர் மண் என்று அவை கணக்குச் சொல்லியிருந்தன. களிமண் நீரை உள்ளே விடாது என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990களின் இறுதியில் சோதிக்கத் தொடங்கியது. ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனியில் இறுக்கிப் பரப்பிய களிமண் ஒரு வறட்சியில் வெடித்தது. பிறகு பெய்த மழை வெடிப்பு வழியே இறங்கியது. கரிசல் சம்சாரியிடம் கேட்டிருந்தால் செலவில்லாமல் சொல்லியிருப்பார்.

அதே ஆய்வில் வேறொரு வழியும் சோதிக்கப்பட்டது. நீரைத் தடுக்க வேண்டாம், வாங்கி வைத்துக்கொள்ளலாம். கனமாகப் பரப்பிய மண் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும். அது குப்பைக்கு இறங்குமுன் புல்லும் புதரும் வேரால் இழுத்து இலை வழியே காற்றுக்குக் கொடுத்துவிடும். வறண்ட ஊர்களில் இது நன்றாக வேலை செய்தது. ஈரமான ஊர்களில் தடுமாறியது.

தென்காசி இதில் எந்தக் கணக்கு? குற்றாலத்தில் சீசன் களைகட்டும் ஆடி மாதத்தில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று சாரலைத் தூவிக்கொண்டே இருக்கும். அதே நாளில் சங்கரன்கோவிலில் புழுதி பறக்கும். ஒரே மாவட்டம்தான், ஆனால் ஒரே வரைபடம் இரண்டுக்கும் பொருந்தாது. சாரல் மண்ணை நனைக்குமே தவிர நிரப்பாது. சோதனை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல வண்டல், செடிக்குப் பயன்படும் நீராகச் சுமார் 150 மில்லிமீட்டர் பிடித்துவைக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது ஏறக்குறைய 950 மில்லிமீட்டர். அன்றைக்குப் பஞ்சு பயன்படாது. மேட்டின் சரிவும் ஓடையும் மண்ணை இறுக்கிப் பிடித்த புல்லும்தான் காப்பாற்ற வேண்டும்.

புல் என்றதும் அந்த 2016 விதிகள் மறுபடி குறுக்கிட்டன. நடும் செடியின் வேர், கிடங்கு நிலைகொள்ளும்வரை 30 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாதாம். களிமண்ணைத் துளைத்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் வேருக்கு அரசிதழ் வாசிக்கத் தெரியாது. வெட்டிவேர் இரண்டு, மூன்று மீட்டர் இறங்கும். நடாமலே வரும் சீமைக்கருவேலத்தின் ஆழத்தைச் சொல்லவே வேண்டாம். செடி 'உண்ணத் தகாததாக' இருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. வெள்ளாடுகள் இதை எப்படிப் புரிந்துகொள்ளும் என்பது தனிக் கேள்வி.

மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லவில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வீட்டோடு புதைந்தார்கள். தமிழ்நாட்டில் இப்போது மூடுவதைவிடத் தோண்டுவதற்கே மதிப்பு. சென்னைப் பெருங்குடியில் 'பயோமைனிங்' என்று பழைய குப்பையைக் கிளறிச் சலித்தார்கள். நல்லதுதான். ஆனால் சலித்தபின் எதற்கும் ஆகாமல் மிஞ்சுவதை எங்கேனும் புதைத்து, மேலே மண்ணைப் போட்டே ஆகவேண்டும்.

போட்ட மண் போட்டபடி இருக்காது. உள்ளே குப்பை மக்க மக்க மேடு அங்கங்கே பள்ளமாகும், பள்ளத்தில் நீர் நிற்கும். மீத்தேன் மேலேறி வேருக்குக் காற்றில்லாமல் செய்ய, வட்டம் வட்டமாகப் புல் கருகும். கருகிய இடத்தைப் பார்த்து மண் போட ஒருவர் வேண்டும்.

தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் இதை யோசித்திருக்கிறான். பின்னாளில் கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர்கள் யாராயிருந்தாலும் அவர்களை உலகறியப் பணிவதாகக் கல்வெட்டில் பதிந்து வைத்தான். கட்டும்போதே சிதையும் என்று நினைத்த மன்னன். நெடுங்காலம் சிதைந்து நின்ற கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்தது.

மூடிய கிடங்கைக் குறைந்தது பதினைந்து ஆண்டு பராமரிக்கச் சொல்லியிருந்தன அந்த விதிகள். அதன்பின் அங்கே குடியிருப்புகூடப் பரிசீலிக்கலாமாம். பதினாறாவது ஆண்டு தை மாதம், மழை ஓய்ந்தபின், அந்த மேட்டில் முழங்கால் உயரம் வந்திருக்கும் சீமைக்கருவேலங் கன்றைப் பிடுங்கும் கூலியை எந்தத் தலைப்பில் எழுதுவார்கள்?