லேசாகப் பிடித்தல்

போன வருஷம் அப்பாவுக்கு ஒரு போன். "ஐயா, நான் உங்ககிட்ட படிச்சவன்" என்றது குரல். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவருக்கு அந்த ஒரு வரி போதும். எட்டாயிரம் ரூபாய் போயிற்று. "இனிமே யாரையும் நம்பாதீங்கப்பா" என்றோம். அன்றிலிருந்து தெரியாத எண் எதையும் அவர் எடுப்பதில்லை. நம்பியது அவர் தப்பா?

உடம்புக்கும் இந்தச் சிக்கல் உண்டு. நம் செல்கள் சர்க்கரைச் சங்கிலிகளைப் போர்த்திக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தொட்டு 'நீ யார்' என்று கண்டுகொள்ளும் புரதங்கள்தான் லெக்டின்கள். 1954இல் வைத்த பெயர். தேர்ந்தெடுப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

பல சங்கிலிகளின் நுனியில் சயாலிக் அமிலம் என்றொரு சர்க்கரை இருக்கும். இன்ஃப்ளூயன்ஸா வைரஸ், தன் மேலுள்ள லெக்டினால் அந்த நுனியைப் பிடித்துத்தான் மூச்சுப்பாதைச் செல்லுக்குள் நுழைகிறது. அப்பாவுக்கு வந்த குரல் மாதிரியேதான்.

அப்படியானால் அந்த நுனியே வேண்டாமே? ஆஷ்வெல், மோரெல் என்ற ஆய்வாளர்கள் 1960களில் ஒரு ரத்தப் புரதத்திலிருந்து அதை நீக்கி முயல்களுக்குச் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் புரதம் ரத்தத்தில் இல்லை. கல்லீரலின் லெக்டின் அதைப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டது. பிறர் பற்றிக்கொள்ளும் நுனியை இழந்தது, சொந்த ரத்தத்திலேயே வேண்டாததாகிவிட்டது.

திறந்து வைத்தால் திருடன், மூடிக்கொண்டால் அநாதை. இந்த இரண்டுதான் வழியா?

காயம்பட்ட இடத்தில் நடப்பதைப் பாருங்கள். அங்கே ரத்தக்குழாய்ச் சுவரில் செலக்டின் என்ற லெக்டின்கள் தோன்றுகின்றன. ஓடிவரும் வெள்ளணுவின் சர்க்கரையை அவை லேசாகப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். வெள்ளணு சுவரோரம் உருண்டு வேகம் குறைகிறது. அந்த அவகாசத்தில் இன்னொரு வேதிச் சைகையும் கிடைத்தால்தான் இன்டெக்ரின் என்ற வேறு புரதம் அதை இறுக்கி நிறுத்தும். கிடைக்காவிட்டால் ஓட்டத்தோடு போய்விடும்.

செல்லிடம் நீதி கற்க முடியாது. அதற்கு நல்லெண்ணமும் இல்லை, வஞ்சமும் இல்லை. ஆனால் நாங்கள் அப்பாவிடம் சொன்னது எவ்வளவு மொண்ணையான புத்தி என்பது அங்கே தெரிந்தது. அவர் தப்பு நம்பியது இல்லை. முதல் தொடுகையிலேயே இறுக்கிக்கொண்டது. எங்கள் தப்பு அதைவிடப் பெரிது: தொடவே வேண்டாம் என்றோம். அவருடைய மாணவர்களில் எத்தனை பேர் கூப்பிட்டு ஓய்ந்தார்களோ.

போன வாரம் அவரிடம் சொன்னேன்: "எடுங்கப்பா. எடுத்து, எந்த வருஷம் படிச்ச, பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தான்னு கேளுங்க."

"அதைக் கேட்டா பையன் சங்கடப்பட மாட்டானா?" என்றார்.

"உண்மையிலேயே உங்க பையன்னா சந்தோஷப்படுவான்பா."