விலைப்பட்டியலில் ஒரு வரி

என் அக்கா மகன் ஏற்காட்டில் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறான். விடிந்ததும் தங்கியிருப்பவர்களைக் காப்பித் தோட்டத்துக்குள் நடக்கக் கூட்டிப்போவான். வெளிநாட்டாரும் வரவேண்டும் என்று அவனுக்கு ஆசை. முப்பது வருஷம் சேலத்தில் கணக்கு எழுதியவள் என்பதால் கடிதம், விலைப்பட்டியல், வரி எல்லாம் என் பொறுப்பு.

யூரோவில் பணம் வந்தால் அது ஏற்றுமதி, ஜிஎஸ்டி கிடையாது என்று நினைத்திருந்தான். 1995இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தம், அயல்நாட்டார் இங்கே வந்து தங்குவதையும் சேவை வர்த்தகத்தின் நான்கு வகைகளில் ஒன்றாக எண்ணுகிறது. நம் ஜிஎஸ்டி சட்டமோ அறை இருக்கும் இடத்திலேயே சேவை நடந்ததாகக் கொள்கிறது. “காசு எங்கிருந்து வந்தாலும் கட்டில் ஏற்காட்டுலதானே கண்ணு கிடக்குது” என்றேன். வெளிநாட்டார் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் வருகையை அரசுக்குத் தெரிவிக்கவும் சொல்லிக்கொடுத்தேன். இதெல்லாம் படித்தால் பிடிபட்டுவிடும். என்னைத் தூங்கவிடாதது வேறு.

ஐரோப்பியப் பயண நிறுவனம் ஒன்று பதில் எழுதியிருந்தது. அறை, நடை, சாப்பாடு எல்லாம் பிடித்திருக்கிறதாம். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில் பூசைக்குப் பக்கத்திலேயே நின்று படம் எடுக்க ஏற்பாடு செய்தால் பன்னிரண்டு பேரை அனுப்புவார்களாம். அவன் அதற்கும் ஒரு தொகை போட்டு வைத்திருந்தான். “இந்த வரியையும் சேர்த்துடுங்க சித்தி.”

காசு வாங்கிச் சோறு போடுவதே பாவம் என்று வளர்ந்தவள் நான். வீட்டுக்கு வந்தவரிடம் என் அம்மா பத்துப் பைசா வாங்கியதில்லை. ஆனால் தொல்காப்பியத்தில் ‘விருந்து’ என்றால் புதுமை. புதிதாக யாக்கும் செய்யுளுக்கே அந்தப் பெயர். அப்படியானால் முகம் தெரியாத அயலார்தானே முழு விருந்து? அவருக்கு வெந்நீர் போட்டு, வழி காட்டி, அந்த உழைப்புக்குக் கூலி வாங்குவதில் அறம் கெடவில்லை. இந்த முடிவுக்கு வர எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

திருவிழா அப்படியல்ல. சேர்வராயன் மலையாளி மக்களின் தெய்வம். அவர்கள் கேரளத்தார் அல்லர். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லும், தமிழ் பேசும் மலைமக்கள். அந்தக் குகைக்கோயிலுக்குள் குனிந்துதான் போகவேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள்.

“கோயிலுக்கு யார் வேணும்னாலும் வரலாமே சித்தி, நாம மட்டும் ஏன் தடுக்கணும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. வருகிறவரை யாரும் தடுக்கவில்லை. எந்த நாட்டார் வந்தாலும் குனிந்து போய்க் கும்பிடட்டும். அந்தக் குகைவாசலை அந்த மக்கள் சும்மாவே திறந்து வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஓர் இடத்தைப் பிடித்து விலைபேச இவன் யார்?

வணிகரைப் பற்றிய குறளை வள்ளுவர் பொருள் செயல்வகையில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமையில் வைத்தார். பிறருடையதையும் தன்னுடையதுபோலப் பேணுவது வணிகம் என்பது அதன் கருத்து. கடல் கடந்து வாணிகம் செய்த காவிரிப்பூம்பட்டினத்தாரையும் பட்டினப்பாலை இப்படித்தான் காட்டுகிறது. வாங்குகிறவர், விற்கிறவர் இரண்டு பேருக்கும் நியாயமாக இருந்தால் போதும் என்றுதான் நான் வெகுகாலம் கணக்கு எழுதினேன். பேச்சுவார்த்தையில் உட்காராத ஒருவரின் பொருளும் அதில் கைமாறக்கூடும் என்று இந்தக் கடிதத்தைப் பார்த்துத்தான் உறைத்தது.

நடைக்கு வழிகாட்டுகிறவர் மலையாளி. சமையல் செய்யும் அம்மாவும் அப்படியே. திருவிழாவன்று அவர்கள் எங்கே இருப்பார்கள் என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தானே அந்த வரியை அழித்தான்.

திருவிழா நாளில் எங்களிடம் வேலை செய்பவர்கள் கோயிலுக்குப் போய்விடுவார்கள், அன்று நடை கிடையாது, மற்ற நாட்களில் வாருங்கள் என்று எழுதி அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை.